கச்சான் காலத்தில் திருகோணமலை

வியாழன், இரவு

ஓகஸ்ட் விடுமுறையில் கடலில் இறங்கிக் குளிக்க ஆசைப்படும் கொழும்புக்காரர்கள் நாட்டைக் குறுக்கே கடந்து கிழக்குக் கரைக்குத்தான் போக வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது காலிமுகத்திடலில் அலை சுவரில் மோதித் தெருவரைக்கும் தெறிக்கும். கல்கிசையில் குளிக்க இறங்கினால் கரையில் நிற்பவர்கள் விசில் ஊதி ஏற்றிவிடுவார்கள். அதே காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, காய்ந்து சூடாகிக் கிழக்கே இறங்குகிறது. அதுதான் கச்சான் காற்று. கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் திருகோணமலைக் கரையில் அலை எழும்புவதே இல்லை. நவம்பரில் வாடைக் காற்றோடு எல்லாம் இடம் மாறும். அப்போது இங்கே மழையும் அலையும், அங்கே அமைதி.

அம்மா, இவர், மகன், நான் என்று விடிய முன்னரே வான் வண்டியில் புறப்பட்டோம். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாக வந்தோம். ஹபரணை தாண்டியதும் வீதியின் இரு பக்கமும் காடு. மகன் யானை யானை என்று கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டே வந்தான். யானை தென்படவில்லை, வீதியோரம் பச்சை மாறாத சாணம்தான் கிடந்தது. அதுவும் அவனுக்குப் பெரிய சந்தோஷம்.

கந்தளாய்க் குளக்கட்டில் இறங்கிக் கால் நீட்டினோம். மறுகரை தெரியாத தண்ணீர். 1986 ஏப்ரலில் இந்தக் கட்டு இரவோடு இரவாக உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியை வானொலியில் கேட்டது அம்மாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது. இப்போது கட்டுக்குக் கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். வீதியோரத்துக் கடையில் மண்சட்டியில் எருமைத் தயிர் வாங்கிக் கித்துள் பாணி ஊற்றி வானுக்குள்ளேயே சாப்பிட்டோம். திரும்பும்போது வீட்டுக்கும் வாங்க வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.

நிலாவெளியில் ஒரு குடும்பம் நடத்தும் சின்ன விடுதியில் அறை எடுத்திருக்கிறோம். பெரிய ஹோட்டல்கள் தண்ணீர் விளிம்பிலேயே இருக்கின்றன. இந்த வீடு கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, பனைகளுக்கு நடுவே. மதியம் பாரை மீன் குழம்பு, முருங்கைக்காய் வெள்ளைக் கறி, கணவாய்ப் பொரியல், தேங்காய்ச் சம்பல். அந்த வீட்டு அக்கா பரிமாறிக்கொண்டே, 2004 டிசம்பர் 26ஆம் திகதிக்கு முன் தங்கள் வீடும் கரையோரத்தில்தான் இருந்தது என்றார். சுனாமி வந்தபோது பனையில் ஏறியவர்கள் பிழைத்தார்களாம். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நாட்டில் முப்பதாயிரம் பேருக்கு மேல் போன நாள் அது. நிலாவெளி மிக மோசமாக அடிபட்ட ஊர்களில் ஒன்று.

வெயில் தணிந்ததும் கடலுக்குப் போனோம். வெண்மணல் நீளத்துக்குக் கிடக்கிறது. தண்ணீரில் நடந்துகொண்டே போகிறேன், இடுப்புக்கு மேல் ஏற நிறைய நேரம் எடுக்கிறது. கால் விரல்கள் தெளிவாகத் தெரிகின்றன. நீச்சல் தெரியாத அம்மாகூடக் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். எழுபதுகளில் பள்ளிக்கூட விடுமுறைக்கு ரயிலேறி இங்கே வந்த கதைகள்தான் எல்லாம். என் வயதுக்காரர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. 1983 தொடக்கம் 2009 வரை இந்தக் கரை எங்களுக்குச் செய்தியில் வரும் ஒரு பெயர் மட்டும்தான். அதனால் இந்த மணலில் கால் வைக்கும்போது ஒரு விடுமுறையைவிடப் பெரியதொன்று எனக்குள் நடக்கிறது.

பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு முக்கியமான ஒன்றை இங்கே சொல்லி வைக்கிறேன். அலை இல்லை என்று நம்பி காற்றடைத்த மிதவையில் பிள்ளையை ஏற்றிவிடாதீர்கள். காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. மிதவை சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டே இருக்கும், திரும்பிப் பார்க்கும்போது எட்டாத தூரத்தில் நிற்கும். இன்று எங்கள் கண் முன்னாலேயே ஒரு குடும்பத்தின் மிதவை அப்படிப் போனது. நல்ல வேளை, அதில் பிள்ளை இருக்கவில்லை. மீன் பிடிக்கும் பையன் ஒருவன் படகில் போய் எடுத்து வந்து கொடுத்தான்.

வெள்ளி, இரவு

இன்று முழுவதும் புறாத் தீவு. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

நிலாவெளிக் கரையிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில் பாறையும் பற்றையுமாக இரண்டு தீவுகள் தெரியும். பெரிய தீவுதான் நாம் போகும் இடம். மலைப்புறாக்கள் வாழ்வதால் அந்தப் பெயர். ஆங்கிலேயர் காலத்தில் இதைத் துப்பாக்கி சுட்டுப் பழகும் இடமாக வைத்திருந்தார்கள். 1963இல் சரணாலயம் ஆனது, 2003இல் தேசிய பூங்கா ஆனது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் கருமபீடம் கரையிலேயே இருக்கிறது. அங்கே நுழைவுச்சீட்டு எடுத்துக்கொண்டு படகுக்குத் தனியாகப் பேச வேண்டும். முகமூடிக் கண்ணாடி, மூச்சுக்குழாய், உயிர்காப்பு அங்கி எல்லாம் வாடகைக்குத் தருகிறார்கள். கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள். கையை எடுத்த பிறகும் அது ஒட்டி நின்றால்தான் தண்ணீர் உள்ளே வராது. பிள்ளைகளுக்கு அளவு சரியாகப் பொருந்துவது கஷ்டம். மகனுக்குப் பொருந்துகிற ஒன்று கிடைக்கும் வரை நாங்கள் அசையவில்லை.

காலை ஏழரைக்கெல்லாம் படகில் ஏறிவிட்டோம். அந்த நேரம் கடல் கண்ணாடி. படகோட்டி அண்ணை இரக்கக்கண்டிக்காரர், சின்ன வயதிலிருந்தே இந்தத் தண்ணீரில்தான். கரை ஒதுங்கும்போதே எங்களைத் திருப்பி உட்கார வைத்துச் சொன்னார்:

“அக்கா, உள்ள எங்க வேணுமெண்டாலும் மிதங்க. கால மட்டும் கீழ வைக்க வேணாம். அது கல்லுப் போலத்தான் இருக்கும், ஆனா உசிர் உள்ளது.”

முருகைக் கல் என்று நாம் சொல்வது உண்மையில் கல்லைக் கட்டும் உயிர். குண்டூசித் தலையளவு உடம்புகள் ஆயிரமாயிரமாகச் சேர்ந்து தங்களைச் சுற்றிச் சுண்ணாம்பு வீடு கட்டுகின்றன. அவற்றின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலில் உணவு சமைத்துப் போடுவதும் நிறம் கொடுப்பதும் அந்தப் பாசிதான். கடல் வழமையைவிடச் சூடாகி அந்தச் சூடு வாரக்கணக்கில் நீடித்தால் பாசியை வெளியே தள்ளிவிடும். அப்போது முருகைக் கல் வெளுத்துப்போகும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். நாம் மிதித்து உடைக்கும் ஒரு கிளை மறுபடி வளர ஆண்டுகள் பிடிக்கும். தீவின் கரையே உடைந்த முருகைக் கல்லால் ஆனது. வெறும் காலில் நடக்க முடியாது, செருப்பு கட்டாயம்.

தீவின் கரை பார்த்த பக்கம் முருகைக் கல். வெளிக்கடல் பக்கம் சுறா. முதலில் கரைப்பக்கம் இறங்கினோம். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் ஒரு சத்தம், யாரோ ஓட்டைச் சுரண்டுவதைப் போல. கிளிமீன்கள் முருகைக் கல்லைப் பல்லால் கொறித்துப் பாசி தின்னும் சத்தம் அது. கொறித்த சுண்ணாம்பு அவற்றின் தொண்டைப் பற்களில் அரைபட்டு மணலாகக் கழிவோடு வெளியே வருகிறது. நான் காலை வைத்துக் கூசிய வெண்மணலில் ஒரு பங்கு அந்த மீன்களின் வேலை. இதை மகனுக்குச் சொன்னதும் அவன் ஒரு மீனின் பின்னாலேயே மிதந்துகொண்டிருந்தான், அது மணலைக் கழிக்கும் கணத்தைப் பார்க்க வேண்டுமாம். பார்த்தும்விட்டான். தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கி அவன் போட்ட கூச்சல் தீவு முழுக்கக் கேட்டிருக்கும்.

மான்கொம்பு போலக் கிளைத்தவை, மேசை போல விரிந்தவை என்று பல வகை. மஞ்சளும் கறுப்பும் வரியாக ஓடும் பட்டாம்பூச்சி மீன்கள் சோடி சோடியாகத் திரிந்தன. நடுவில் சாம்பல் நிறத்தில் பெரிய பெரிய பரப்புகள் செத்துக் கிடந்தன. அதையும் எழுதத்தான் வேண்டும். விளம்பரப் படங்களில் இருக்கும் நிறத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வந்தால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு ஏமாற்றம் இல்லை. செத்த கிளைகளின் மேல் விரல்நுனியளவு புதிய முளைகள் ஊதா நிறத்தில் எழும்பியிருந்தன. அண்ணை கையால் காட்டித் தந்தார், தொடவில்லை.

மறுபக்கம் போக ஒரு சின்ன ஏற்றம். அங்கே தண்ணீர் கொஞ்சம் கலங்கல். கறுப்புத் துடுப்புச் சுறாக்கள் ஆழம் குறைந்த இடத்திலேயே சுற்றுகின்றன. ஒரு ஆளின் நீளம்கூட இல்லை, துடுப்பின் நுனியில் மட்டும் கறுப்பு. மனிதரைக் கண்டால் விலகிப் போகும் சாது. முதல் சுறா என் கீழாகக் கடந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது, பயத்தில் இல்லை. இவ்வளவு அழகாக அசையும் ஒரு உடம்பை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு ஆமை அடியில் புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. மூச்சு எடுக்க மேலே வந்து, எங்களைப் பார்த்து, அவசரமில்லாமல் திரும்ப இறங்கியது.

பத்து மணிக்கு மேல் நிலைமை மாறிவிட்டது. படகு படகாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒரு சுற்றுலாக் குழுவில் பத்துப் பதினைந்து பேர், நீச்சல் தெரியாதவர்கள், உயிர்காப்பு அங்கியோடு முருகைக் கல்லின் மேலேயே எழும்பி நின்று செல்ஃபி எடுத்தார்கள். கூட்டி வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் போய்ச் சொன்னேன். இருவர் உடனே விலகினார்கள், ஒருவர் முறைத்தார். இன்னொரு பெண் மீன்களுக்குப் பாண் துண்டுகளை வீசிக்கொண்டிருந்தார். பாண் தின்னப் பழகிய மீன் பாசியைத் தின்னாது. பாசி மண்டினால் முருகைக் கல் மூடுண்டு செத்துப்போகும். இதெல்லாம் தெரியாமல் செய்வதுதான், கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. படகில் ஏற்றும்போதே அண்ணை எங்களுக்குச் சொன்னதை எல்லாரும் எல்லாருக்கும் சொன்னால் போதும், பாதிப் பிரச்சினை தீரும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கண்டிப்பாக எண்ணி விட வேண்டும் என்றும் நினைக்கிறேன். வருமானம் குறையும் என்பார்கள். தீவு செத்துவிட்டால் யார் வருவார்கள்?

வெயிலுக்குக் கிறீம் பூசிக்கொண்டு இறங்குவதைவிட நீளக் கை வைத்த சட்டை நல்லது. சில கிறீம்களில் உள்ள இரசாயனம் முருகைக் கல்லுக்கு ஆகாது. முதுகும் தப்பும். நாங்கள் எல்லாருமே முழுக்கைச் சட்டை, இவருக்கு மட்டும் பின்னங்கால் சிவந்துவிட்டது.

சனி, இரவு

விடியக் காலை ஐந்தரைக்கே கரைக்குப் போனோம். கொழும்பில் சூரியன் கடலில் விழுவதைத்தான் பார்த்து வளர்ந்திருக்கிறோம், கடலிலிருந்து எழும்புவது மகனுக்குப் புதிது. ஆனால் அவன் கண் சூரியனில் நிற்கவில்லை, கரைவலையில் நின்றது.

படகு கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டுப் போய், கடலில் பெரிய வளைவாக வலையை இறக்கி, மற்ற முனையோடு தூரத்தில் கரை சேரும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரு அணியும் ஒன்றையொன்று நோக்கி நகரும். நடுவில் மடி, மீன் எல்லாம் அதற்குள் ஒதுங்கும். வலையின் சொந்தக்காரரான ஒவ்வொரு சம்மாட்டிக்கும் கரையில் இன்ன இடம் என்று பாடு இருக்கிறது. அதை மாறி இன்னொருவர் வலை போட முடியாது. முன்பு அம்பாப் பாட்டுப் பாடித்தான் இழுப்பார்கள், ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாட. அம்மா சின்ன வயதில் கேட்டிருக்கிறார். இப்போது சில கரைகளில் உழவு இயந்திரத்தால் சுற்றி இழுக்கிறார்கள். இன்று இங்கே கையால்தான் இழுத்தார்கள். பாட்டு இல்லை, “ஏலோ” என்ற ஒரு குரல் மட்டும் இடைக்கிடை.

இவரும் மகனும் கயிற்றில் கை கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் இவருக்குக் கை உரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஐயாவுக்கு எழுபது வயது இருக்கும், இடுப்பில் கயிற்றைப் பூட்டிக்கொண்டு முதுகைச் சாய்த்துப் பின்னால் நடந்துகொண்டேயிருந்தார். கையால் இழுத்தால் தம்பி, அரை நாளில் விழுந்திடுவீங்க, உடம்பால இழுங்க என்றார். மடி கரைக்கு வந்தபோது சூடையும் நெத்தலியும் வெள்ளியாகக் கொட்டின. சில கீரி மீன், இரண்டு நல்ல பாரை. அவ்வளவுதான். மூன்று மணி நேர வேலைக்கு இது குறைவு என்பது அவர்களின் முகத்தில் தெரிந்தது. மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிய வியாபாரிகள் மணலிலேயே விலை பேசி எடுத்துப் போனார்கள். செலவு போக மிச்சத்தைச் சம்மாட்டியும் இழுத்தவர்களும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அம்மா சூடை வாங்கினார். விடுதி அக்கா அதைப் புளியும் மிளகும் போட்டு அவியலாக வைத்துத் தந்தார், இடியப்பத்தோடு.

இந்தக் கரையில் வலை இழுக்கும் இடமும் கதிரை போட்டு வெயில் காயும் இடமும் ஒன்றின் மேல் ஒன்று வந்து முட்டுகின்றன. இன்று காலையிலேயே ஒரு ஹோட்டல் காவலாளி வந்து, வலையைக் கொஞ்சம் தள்ளி இழுக்க முடியாதா, விருந்தினருக்கு மணக்கிறதாம் என்று கேட்டார். பாட்டன் காலத்திலிருந்து பாடு இங்கேதான் என்று ஒருவர் அமைதியாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். நான் முழுக்க வலைக்காரர் பக்கம்தான். விருந்தினர் பத்தடி தள்ளிப் படுக்கலாம். வலை தள்ளிப் போக முடியாது.

மாலை திருகோணமலை நகரம். பிரெட்ரிக் கோட்டை வாசலைக் கடந்துதான் கோணேசர் கோயிலுக்கு ஏற வேண்டும். 1620களில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். வாசல் கல்லில் இரட்டை மீன் சின்னமும் தமிழ் எழுத்தும் இருக்கின்றன. அவசரமாக நுழைந்தால் கண்ணில் படாது, நின்று பாருங்கள். உள்ளே புள்ளிமான்கள் மனிதருக்குப் பயமில்லாமல் திரிகின்றன. அவை குப்பைத் தொட்டியில் பொலித்தீன் பையை இழுத்துத் தின்பதைக் கண்டு அம்மா பதறிப்போனார். மகன் இறங்கிப் பையைப் பிடுங்கிவிட்டு வந்தான்.

கோயில் பாறையின் உச்சியில். கீழே ஏறக்குறைய 130 மீற்றர் செங்குத்தாகக் கடல். திருஞானசம்பந்தர் கடலைக் கடந்து வரவில்லை, இராமேசுவரத்தில் நின்றே கோணமாமலையைப் பாடினார் என்பது மரபு. அந்தப் பதிகத்தில் கடல் முத்தைக் கொழித்துக்கொண்டே இருக்கும். இப்போதுள்ள கோயில் 1963இல் குடமுழுக்குக் கண்டது. அதற்கு முன், 1950களில், அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரது நண்பர் மைக் வில்சனும் இந்தப் பாறையின் அடியில் சுழியோடிப் பார்த்தபோது செதுக்கிய தூண்களும் கற்களும் கடலடியில் கிடக்கக் கண்டார்கள். இடித்துக் கோட்டைக்குப் போன கற்கள் பாதி, கடலுக்குள் போனவை மீதி. இராவணன் வெட்டு என்ற பிளவின் ஓரம் நின்று கீழே பார்த்தேன். நிலாவெளியில் விரல் தெரிந்த அதே கடல் இங்கே கடும் நீலம்.

இந்த ஆழம்தான் திருகோணமலையின் முழுக் கதையும் என்று எனக்குத் தோன்றுகிறது. மகாவலி வந்து சேரும் கொட்டியாரக் குடாவுக்கு வெளியே கடலுக்கு அடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு இறங்குகிறது, ஆயிரம் மீற்றருக்கும் மேல் ஆழமாக. கரைக்கு இத்தனை கிட்ட இவ்வளவு ஆழம் இருப்பதால் நீலத் திமிங்கிலங்கள் கரையோரமே வருகின்றன, இந்தப் பாறையில் நின்றே சிலர் பார்த்திருக்கிறார்கள். மார்ச், ஏப்ரல் அதற்கு நல்ல மாதங்கள். நாங்கள் கண் வலிக்கும் வரை பார்த்தோம், ஒன்றும் ஊதவில்லை. மாலைப் பூசை மணி கேட்டு உள்ளே போனோம்.

இறங்கி வந்து டச் பே கடற்கரையில் இறால் வடை, மாங்காய் அச்சாறு, வறுத்த கச்சான் கடலை. மூன்று மொழியும் பேசும் கூட்டம், பட்டம் விடும் பிள்ளைகள். இறால் வடையைச் சுடச்சுட வாங்குங்கள், கூட்டம் நிற்கும் தள்ளுவண்டியில் எண்ணெய் புதிதாக இருக்கும்.

ஞாயிறு, இரவு

காலையில் கன்னியா. ஏழு சதுரக் கிணறுகள், அடுத்தடுத்து இருந்தும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளி ஊற்றிக் குளிக்க வேண்டும். தாய்க்குக் கடன் கழிக்க இராவணன் உண்டாக்கியவை என்பது ஊர்க் கதை. இலங்கையில் எரிமலை கிடையாது. மழைநீர் பாறை வெடிப்பு வழியாக ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள சூட்டில் காய்ந்து மேலே வருகிறது. ஈமக் கடன் செய்ய இன்றும் ஆட்கள் வருகிறார்கள். இங்கே பிள்ளையார் கோயில் இருந்த இடம் பற்றிய சச்சரவு 2019இல் நீதிமன்றம் வரை போனது. அம்மாவுக்கு முழங்கால் வலி, நான்கு வாளி ஊற்றியதும் முகமே மாறிவிட்டது. கூட்டம் வருமுன் போனால் நல்லது, ஒன்பது மணிக்கு மேல் நிற்கவே இடமில்லை.

திரும்பும் வழியில் நிலாவெளி வீதியில் உள்ள போர்க்கால மயானத்தில் இறங்கினோம். இரண்டாம் உலகப் போரில் இறந்த கடற்படையினர் நிறையப் பேர் இங்கே. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. புல் ஒழுங்காக வெட்டி, பூச்செடி வைத்து அருமையாகப் பார்த்துக்கொள்கிறார்கள். கல்லில் வயதைப் பார்த்தால் இருபது, இருபத்தொன்று. நம் போரில் போன பிள்ளைகளுக்கும், எந்தப் பக்கத்தவராக இருந்தாலும், பெற்றோர் போய் உட்கார இப்படி ஒரு இடம் வேண்டும் என்று அம்மா சொன்னார். அதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை.

மதியம் சீனன்குடா வழியாக மார்பிள் பீச். விமானப்படை நடத்தும் இடம், வாசலில் கட்டணம். துறைமுகத்துக்குள் அடங்கிய குடா என்பதால் அலையே கிடையாது, அடி வரை பச்சை. வழியில் பற்றைக்குள் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள், இன்று எஞ்சியவை 99. இந்தத் துறைமுகத்துக்காக 1782 என்ற ஒரே ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரரும் கோட்டையைப் பிடித்தார்கள். பெரிய கப்பல் எத்தனை வந்தாலும் தாங்கும் ஆழம், சுற்றிலும் குன்று, எந்தக் காற்றிலும் பாதுகாப்பு. சுதந்திரத்துக்குப் பிறகும் 1957 வரை பிரித்தானியக் கடற்படை இங்கேயே இருந்தது. இன்றும் பெரிய நாடுகளின் கண் இதன் மேல்தான். மகன் அதற்குள் நண்டு துரத்திக் களைத்துவிட்டான்.

இந்தக் கரையில் சங்கு, சிப்பி பொறுக்கிக்கொண்டு போகிறவர்கள் அதிகம். வெற்றுச் சங்கில் துறவி நண்டு குடியேறும், அதற்கு அது வீடு. பார்த்துவிட்டு வைத்துவிடுங்கள்.

திங்கள், மதியம்

கந்தளாயில் நிறுத்தியிருக்கிறோம். தயிர்ச் சட்டிகளைப் பனையோலையில் கட்டித் தருகிறார்கள், வானில் சாய்க்காமல் வைக்க இடம் தேடிக்கொண்டிருக்கிறார் இவர்.

காலையில் புறப்படு முன் அண்ணையோடு கதைத்தேன். மார்ச் கடைசியில் திமிங்கிலம் பார்க்க வருவதென்று முடிவு. சுற்றி வளைத்து விரட்டும் படகுகளில் ஏற எனக்கு விருப்பமில்லை என்று சொன்னேன். அவரும் அப்படித்தான்: இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தூரத்தில் காத்திருப்பாராம், வந்தால் பார்ப்போம், வராவிட்டால் திரும்புவோம் என்கிறார். அந்த மாதத்தில் விடியற்காலை ஐந்தரைக்குக் கடலில் இருக்க வேண்டுமாம். விடுதி அக்காவிடம் அறையைச் சொல்லி வைத்தாயிற்று. மகனுக்கு அதற்குள் சொந்தமாக ஒரு முகமூடிக் கண்ணாடி வாங்க வேண்டும், நீச்சல் வகுப்பும் அடுத்த கிழமையே தொடங்க வேண்டும்.